மூணு டாலர் பந்து, மூணு அடுக்கு, அப்புறம் அப்பாவோட கட்டைவிரல்

டிஸ்கி: இது கோல்ஃப் பந்து பத்தின பதிவு. "அது பணக்காரன் ஆட்டமாச்சேடா, உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்கப் போகும் அன்பு நெஞ்சங்களும் தாராளமா உள்ள வரலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பாதிப் பதிவு.

பொட்டி தட்டுற நம்ம இனத்துக்கு ஒரு வியாதி உண்டு மக்கா. எதை வாங்குறதா இருந்தாலும் முதல்ல ஒரு எக்ஸல் ஷீட் திறந்துடுவோம். ரைஸ் குக்கர் வாங்க ஷீட், கார் இன்ஷூரன்ஸுக்கு ஷீட், ஊருக்கு டிக்கெட் போட ஒரு ஷீட். இந்த வருஷம் எங்க வீட்டுல புதுசா ஒரு ஷீட் சேர்ந்திருக்கு. பேரு "பந்து". தங்கமணி அதைப் பார்த்துட்டு, "இவ்ளோ யோசிச்சு நீங்க பொண்ணு கூடப் பார்க்கலையே" என்றார். பதில் பேசாம எஸ்கேப் ஆயிட்டேன். :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் ஆணி புடுங்குறது அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில், ஆக்ரன் ஊர்ப் பக்கம். ஊர் பேரைக் கேள்விப்படாதவங்க கூட இந்த ஊர் சரக்கைப் பார்த்திருப்பீங்க. குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் மூணு டயர் கம்பெனியும் வளர்ந்த ஊர் இது. ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம்னே பேரு. ஃபயர்ஸ்டோன் பேரிலேயே இங்க ஒரு பெரிய கோல்ஃப் க்ளப் இருக்கு. 2018 வரைக்கும் உலகத்து பெரிய தலைகள் எல்லாம் வருஷா வருஷம் வந்து ஆடின இடம். அங்க நடந்த அந்தப் போட்டியை டைகர் உட்ஸ் மட்டும் 8 தடவை ஜெயிச்சிருக்கார். நமக்கும் அந்த க்ளப்புக்கும் உள்ள உறவு என்னன்னா, ஆபீஸ் போற வழியில அப்பப்போ அதைத் தாண்டிப் போவேன். அவ்ளோதான்.

நான் ஆடறது சிட்டிக்காரங்க நடத்துற பொது மைதானம். சாயங்காலம் 9 குழி நடந்தே ஆடினா 18 டாலர். என் செட்டு வேறொருத்தர் பத்து வருஷம் ஆடி முடிச்சு கராஜ் சேல்ல போட்டது, 120 டாலர். கூட ஆடறவங்களும் நம்ம மாதிரிதான்: பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவர், நர்ஸம்மா, டயர் ஃபேக்டரியில இருந்து ரிடையர் ஆன பெரியவர். நம்ம ஊர்ல இந்த ஆட்டத்துக்கு இருக்கிற பந்தா இங்க அந்தப் பொது மைதானத்துல சுத்தமா கிடையாது.

ஆனா பந்து விஷயத்துல மட்டும் பணம் பேசும். கடையில போய் நின்னா ஒரு டஜன் 20 டாலர்ல ஆரம்பிச்சு 55 டாலர் வரைக்கும் அடுக்கி வச்சிருக்கான். பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே குழிகுழியான மூஞ்சி. 55 டாலர் டஜன்னா ஒரு பந்து நாலரை டாலருக்கு மேல. கிட்டத்தட்ட 400 ரூபா. அதை மட்டையால ஓங்கி அடிச்சு, குளத்துக்குள்ள விழறதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். விருதுநகர்ல பிறந்த உடம்பு அதை எப்படித் தாங்கும் சொல்லுங்க?

இன்னொரு விஷயமும் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு பைபாஸ் ஆச்சு. இன்ஷூரன்ஸ் பாதி கொடுத்தது. மீதிக்கு லோன். மாசா மாசம் 5ஆம் தேதி அந்தப் பணம் ஊருக்குப் போயிடும். இன்னும் ரெண்டு வருஷம் போகணும். அந்தப் பணத்தைத் தொடறதில்லைன்னு வீட்டுல பேச்சு. அது போக, வாடகை போக, மிச்சத்துல "உங்க ஆட்டத்துக்கு மாசம் 75 டாலர். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று தங்கமணி பட்ஜெட் போட்டாச்சு. நிதியமைச்சர் சொன்னா சொன்னதுதான்.

இப்ப கணக்கு பாருங்க. மாசம் மூணு ஆட்டம், 18 டாலர் வீதம் 54. மிச்சம் 21. கடைசி பத்து ஆட்டத்துல நான் தொலைச்ச பந்து 20, அதாவது ஆட்டத்துக்கு ரெண்டு, மாசத்துக்கு ஆறு. நாலரை டாலர் பந்துன்னா 27 டாலர் ஆச்சு, பட்ஜெட் அம்பேல். மூணு டாலர் பந்துன்னா 18, இடிக்காம உள்ள வருது. ரெண்டு டாலர்னா 12, மீதியில ரெண்டு காபி. ஆகக் கேள்வி இதுதான்: மூணு டாலருக்குள்ள, தூரமும் போகணும், கைக்கும் நல்லா இருக்கணும், அப்படி ஒரு பந்து உண்டா?

இதுக்குப் பதில் தெரியணும்னா பந்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

அந்தக் காலத்துல தோல் பைக்குள்ள இறகைத் திணிச்சுத் தைச்ச பந்துலதான் ஆடியிருக்காங்க. 1848 வாக்கில் மலாயாப் பக்கத்து மரம் ஒண்ணோட பாலிலிருந்து செஞ்ச கட்டாபர்ச்சா பந்து வந்தது. அடுத்த புரட்சி நடந்தது நம்ம ஆக்ரன்லதான்! 1898ல கோபர்ன் ஹாஸ்கல் என்கிறவர் குட்ரிச் கம்பெனிக்கு நண்பரைப் பார்க்க வந்திருக்கார். காத்திருந்த நேரத்துல அங்க கிடந்த ரப்பர் நூலைப் பந்தா சுத்தினார், அது துள்ளின துள்ளலைப் பார்த்து ஐடியா பிறந்ததுன்னு கதை சொல்றாங்க. அடுத்த வருஷமே பேடண்ட். ரப்பர் நூல் சுத்தின அந்த வகைப் பந்துதான் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆண்டுச்சு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இந்த ஊர் ரப்பருக்கு அலைஞ்ச காலத்துல, மலாயாவில் பால்மரம் வெட்டினவங்கள்ல பெரும்பாலானவங்க நம்ம ஊர்லருந்து கப்பலேறிப் போனவங்க. அதனால, இது நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கறதில்லை.

2000ஆம் வருஷத்துலதான் இப்போதைய கதை ஆரம்பிச்சது. அந்த வருஷம் அமெரிக்க ஓப்பன்ல டைகர் உட்ஸ் நூல் சுத்தாத, உள்ளே கெட்டியான ரப்பர் கருவும் மேல யூரித்தேன் தோலும் வச்ச நைக்கி பந்தோட ஆடி, 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சார். அக்டோபர்ல டைட்லிஸ்ட் தன்னோட ப்ரோ வி1 பந்தை லாஸ் வேகாஸ் போட்டியில இறக்கினதும், ஒரே வாரத்துல 47 ஆட்டக்காரங்க அதுக்கு மாறினாங்க. நூல் பந்து கொஞ்ச நாள்லயே பெட்டியைக் கட்டிடுச்சு.

சரி, ஏன் பல அடுக்கு? நம்ம பாஷையில சொன்னா, இது த்ரீ டயர் ஆர்க்கிடெக்சர். டேட்டாபேஸ், நடுவுல பிசினஸ் லாஜிக், மேல ஸ்க்ரீன்.

ரெண்டு அடுக்குப் பந்துன்னா, உள்ள ஒரு ரப்பர் கரு, மேல அயனோமர்ங்கிற கெட்டியான ப்ளாஸ்டிக் தோல். செய்யறது சுலபம், விலை கம்மி, நல்லா தூரம் போகும், சீக்கிரம் கிழியாது. ஆனா கிட்டத்துல இருந்து மெதுவாத் தட்டும்போது தோல் மட்டையைப் பிடிக்காது. வழுக்கிட்டுப் போகும். பந்து சுழலாது. சுழலாத பந்து விழுந்த இடத்துல நிக்காம உருண்டுக்கிட்டே போகும்.

மூணு அடுக்குன்னா, கருவுக்கும் தோலுக்கும் நடுவுல மேன்டில்னு ஒரு அடுக்கு. நல்ல பந்துல இது கெட்டியா இருக்கும், மேல இருக்கிற தோல் மெல்லிசா, மெத்துன்னு யூரித்தேன்ல இருக்கும். மெதுவா அடிக்கும்போது, மட்டையோட வரிப்பள்ளத்துக்கும் கெட்டி மேன்டிலுக்கும் நடுவுல மெத்துத் தோல் மாட்டிக்கும். பிடிமானம் கிடைக்கும், பந்து சுழலும். டிரைவரால ஓங்கி அடிக்கும்போது பந்து முழுசா நசுங்குது. அரை மில்லி செகண்டுதான் மட்டையும் பந்தும் தொட்டுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல பேசறது கருதான், தோல் இல்லை. அதனால சுழற்சி கம்மியா, தூரம் கூடுதலா போகும். ஒரே பந்து ரெண்டு வேஷம் போடுது. அடுக்கு அடுக்கா பிரிச்சதால, ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு கெடாது. நம்ம காலேஜ்ல லூஸ் கப்ளிங்னு மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதேதான்!

நாலு அடுக்கு, அஞ்சு அடுக்குப் பந்தும் உண்டு. ப்ரோ வி1எக்ஸ் நாலு, டெய்லர்மேட் டிபி5 அஞ்சு. ஆனா அடுக்கு எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க. அயனோமர் தோல் போட்ட மூணு அடுக்குப் பந்தும் சந்தையில இருக்கு. அட்டையில "மூணு அடுக்கு"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். கிட்டத்து ஆட்டத்துல அது ரெண்டு அடுக்குப் பந்துக்குப் பக்கத்து வீடுதான். அட்டையில முதல்ல தேட வேண்டிய வார்த்தை யூரித்தேன். எத்தனை அடுக்குங்கிறது அப்புறம்.

"தூரம்" என்கிற மேட்டருக்கு வருவோம். எல்லா அட்டையிலயும் "அதிக தூரம்"னுதான் போட்டிருக்கான். ஆனா சட்டம் ஒண்ணு இருக்கு. பந்து எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கிளம்புற வேகத்துக்கு ஒரு வரம்பு, மெஷின் அடிச்சா போற தூரத்துக்கு ஒரு வரம்பு. எல்லா நல்ல கம்பெனிப் பந்தும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிக்குது. 2023 டிசம்பர்ல விதி போடற ரெண்டு அமைப்பும் சேர்ந்து அந்தத் தூரச் சோதனையை இன்னும் கடுமையாக்குறோம்னு அறிவிச்சாங்க. தொழில்முறை ஆட்டக்காரங்களுக்கு 2028, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு 2030னு அப்ப தேதியும் சொன்னாங்க. நமக்கெல்லாம் அதனால 5 கெஜத்துக்கு மேல குறையாதுன்னும் சொல்லிட்டாங்க. அந்த அஞ்சு கெஜத்துக்காகக் கண்ணீர் விடற நிலையில நான் இல்லை.

அடுத்தது "கம்ப்ரெஷன்". பந்து எவ்வளவு கெட்டி என்பதுக்கு ஒரு நம்பர். நாப்பது பக்கம் இருந்தா மெத்து, நூறு பக்கம் இருந்தா கெட்டி. "மெதுவா வீசறவன் மெத்துப் பந்துல ஆடணும், அப்பதான் தூரம் போகும்" என்று ரொம்ப நாளா ஒரு பேச்சு. 2019ல மைகோல்ஃப்ஸ்பை தளம் ரோபோவை வச்சு அடிச்சுப் பார்த்துட்டு, மெத்துப் பந்து பொதுவா வேகம் குறைவாத்தான் கிளம்புதுன்னு போட்டு உடைச்சது. மெத்துன்னு இருக்கிறது பிடிச்சா வாங்குங்க, அது உங்க இஷ்டம். தூரத்துக்காக வாங்காதீங்க.

இதெல்லாம் படிச்ச கதை. நம்ம கைக்கு என்ன தெரியுது? அதுக்குத்தான் தங்கமணி உதவியோட ஒரு டெஸ்டிங் ஃபேஸ். (நாங்க எதையும் டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பறதில்லை. சிரிக்காதீங்க.)

நாலு வகை எடுத்துக்கிட்டோம். 'அ': ரெண்டு அடுக்கு, அயனோமர், ரெண்டு டாலர். 'ஆ': மூணு அடுக்கு, அயனோமர், ரெண்டரை டாலர். 'இ': மூணு அடுக்கு, யூரித்தேன், மூணு டாலர். 'ஈ': உச்சாணிக் கொம்புல இருக்கிற நாலரை டாலர் பந்து. ஒவ்வொண்ணுலயும் மூணு. கம்பெனி பேரையெல்லாம் தங்கமணி கறுப்பு மார்க்கரால மூடி, எது எதுன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டார். அந்தக் கைப்பைக்குள்ள போனது எதுவும் எனக்குத் திரும்பக் கிடைச்சதில்லை, அதனால பாதுகாப்புக்குக் குறைவில்லை.

முதல்ல குழிக்குப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சோம். டைட்லிஸ்ட் கம்பெனியே பந்து தேர்ந்தெடுக்க இந்த வழியைத்தான் சொல்றாங்க: கிரீன்ல ஆரம்பிச்சு டீ வரைக்கும் பின்னால வா. நியாயமான பேச்சு. 9 குழியில டிரைவர் எடுக்கிறது ஏழு தடவை. பட்டும் கிட்டத்துத் தட்டலும் சேர்த்தா முப்பது வரும்.

இருபது கெஜத்துல இருந்து ஒவ்வொண்ணுலயும் பத்து தட்டு. தங்கமணி விழுந்த இடத்துல இருந்து நின்ன இடம் வரைக்கும் காலடி வச்சு அளந்தார். 'அ', 'ஆ' ரெண்டும் சராசரியா ஒம்போது அடி வச்சு நடக்கற தூரம் உருண்டது. 'இ', 'ஈ' ரெண்டும் அஞ்சுல நின்னுச்சு. அந்த நாலு காலடி சாதாரணம் இல்லைங்க. ஒரே பட்ல போடறதுக்கும் ரெண்டு பட் ஆகறதுக்கும் உள்ள வித்தியாசம். 'இ'க்கும் 'ஈ'க்கும் நடுவுல என் கையில எந்த வித்தியாசமும் வரலை.

அடுத்தது டிரைவர். ஆபீஸ்ல கிடைச்ச கிஃப்ட் கார்டை வச்சு ஒரு சிமுலேட்டர் கடையில ஒரு மணி நேரம். என் மட்டை வேகம் மணிக்கு 92 மைல். பந்து 131ல கிளம்புது. காத்துல போறது சுமார் 205 கெஜம். நாலு வகைக்கும் சராசரி எடுத்தா, நீளமானதுக்கும் குட்டையானதுக்கும் நடுவுல நாலு கெஜம். ஆனா ஒரே பந்துல நானே அடுத்தடுத்து அடிச்ச ரெண்டு அடிக்கு நடுவுல இருபது கெஜம் வித்தியாசம்! ஸ்டாண்டர்ட் டீவியேஷன் படிச்ச மக்களுக்கு இதுக்கு மேல சொல்லத் தேவையில்லை. என் தூரத்தைத் தீர்மானிக்கிறது நான்தான். ஒண்ணு மட்டும் கண்ணுல பட்டது. எனக்கு வலது பக்கமா வளையற வியாதி உண்டு. சுழற்சி குறைவான 'அ' பந்து கொஞ்சம் கம்மியா வளைஞ்சது. வளைசல்தான் உங்க முதல் பிரச்சினைன்னா ரெண்டு அடுக்குப் பந்தே போதும், தயங்காம வாங்குங்க.

கடைசியா "ஃபீல்". இதுதான் சுவாரசியம். வீட்டுக் கார்ப்பெட்ல பட் அடிச்சு 'அ'வா 'இ'யான்னு சொல்லணும். இருபதுக்கு பதினாறு சரியாச் சொன்னேன். அப்புறம் காதுல ஹெட்ஃபோன் மாட்டி, பாட்டை சத்தமா வச்சுட்டு அதே சோதனை. இருபதுக்கு பதினொண்ணு. பூவா தலையா போட்டாலே பத்து வரும்! கைக்குத் தெரியுதுன்னு நாம நினைக்கிறதுல பெரும்பங்கு காதுக்குத் தெரியறது. 'அ' "டக்"குங்குது, 'இ' "தப்"புங்குது. அவ்ளோதான் விஷயம். ஆனா காதுக்குப் பிடிச்ச சத்தம் வந்தா கை பயப்படாம அடிக்குது, அதுவும் நிஜம்.

இந்த ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கும்போதுதான் அப்பா கதைக்குள்ள வர்றார்.

அப்பா 31 வருஷம் பஸ் டிப்போ வொர்க்‌ஷாப்ல டயர் ரீட்ரெடிங் செக்‌ஷன். தேய்ஞ்ச டயரை வாங்கி, பஃபிங் போட்டு சுரண்டி, குஷன் கம் ஒட்டி, மேல புது ட்ரெட் ரப்பர் வச்சு, சூட்டுல வேக வச்சு எடுக்கிற வேலை. சின்ன வயசுல எனக்கு அவர் ஞாபகம்னாலே ரப்பர் வாசனைதான். எந்த ரப்பரைக் கண்டாலும் கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். என் பள்ளிக்கூட அழிரப்பர் உட்பட. ஆபரேஷனுக்கு அப்புறம் மனுஷன் ரொம்ப ஒடுங்கிட்டார். வீட்டுப் பின்னாடி ஒரு வைஸும் டூல்ஸ் பெட்டியும் வச்சிருந்தார், அதைத் திறக்கறதே இல்லைன்னு அம்மா ஒவ்வொரு போன்லயும் சொல்லுவாங்க. "சும்மா சேர்ல உக்காந்து ரோட்டையே பார்த்துக்கிட்டு இருக்காருப்பா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன்ல கேட்டார். "ஏப்பா, அந்தப் பந்து என்ன விலை?"

சொன்னேன். ரூபாயில மாத்தியே சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லோன் ஓடிக்கிட்டு இருக்கிற வீட்டுல இந்த மாதிரி மௌனத்துக்கு என்ன அர்த்தம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். திட்டப் போறார்னுதான் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். அவர் கேட்டது, "அது ரப்பராப்பா?"

"ரப்பர்தாம்ப்பா. உள்ள செயற்கை ரப்பர். பாலிபியூட்டடையீன். அதையும் அச்சுல போட்டு சூட்டுலதான் வேக வைக்கிறாங்க."

"அப்ப க்யூரிங் உண்டுன்னு சொல்லு" என்றார். குரல்ல ஒரு ஏத்தம் வந்திருந்தது.

அடுத்த மாசம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் மதுரைக்குப் போனார். மைதானத்துப் புதர்ல பொறுக்கின நாலு பந்தை, நாலும் வேற வேற வகை, அவர் கையில கொடுத்தனுப்பினேன். கூடவே எது எத்தனை அடுக்குன்னு ஒரு சீட்டு. (பொறுக்கினது எல்லாமே இப்போதைய கெட்டிக் கருப் பந்து. ரொம்பப் பழைய நூல் பந்துகள்ல சிலதுக்குள்ள அழுத்தமா திரவம் அடைச்சிருக்கும். அதை யாரும் அறுக்க வேணாம், கண்ணுல அடிச்சிடும்.)

ஒரு வாரம் கழிச்சு வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்தது. வைஸ் பக்கத்துல, பழைய தினசரிப் பேப்பர் மேல, நாலு பந்தும் எட்டுத் துண்டா, ஹேக்ஸா ப்ளேடால நேர்த்தியா அறுத்து வரிசையா வச்சிருந்தார். ஒண்ணுல ஆரஞ்சுக் கரு, ஒண்ணுல பச்சை. மூணு அடுக்குப் பந்துல வெள்ளைத் தோலுக்குள்ள மெல்லிசா இன்னொரு வளையம் தெளிவாத் தெரிஞ்சது. கடையில ஒரு டஜன் பெட்டியைப் புரட்டிப் பார்த்தவன் நான், உள்ள இருக்கிறதை முதல் தடவையா முழுசாப் பார்த்தது விருதுநகர்ல இருந்து வந்த அந்தப் படத்துலதான்.

போன் பண்ணினா அம்மா எடுத்தாங்க. "என்னத்தப்பா அனுப்பிச்ச? ரெண்டு நாளா பின்கட்டுலயே கெடக்காரு. சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்குறாரு." குறை சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. குரல் அப்படி இல்லை.

அப்பா வாங்கிப் பேசினார், முழுசா இருபது நிமிஷம். இந்த ரெண்டு வருஷத்துல அவ்வளவு நேரம் பேசினதே இல்லை. கட்டைவிரலால ஒவ்வொரு கருவையும் அழுத்திப் பார்த்திருக்கார். "ஏப்பா, இது நம்ம டயர்தான். உள்ள இருக்கறது கேசிங், அதுதான் லோடு தாங்கும். நடுவுல குஷன் கம் மாதிரி ஒரு அடுக்கு. மேல ட்ரெட்டு, அதுதான் ரோட்டைப் பிடிக்கும். ட்ரெட்டு நல்லா இல்லாட்டி வண்டி நிக்காது. கேசிங் நல்லா இல்லாட்டி வண்டி போகாது. உனக்கு எது வேணும்? போகணுமா நிக்கணுமா?"

"ரெண்டும் வேணும்ப்பா."

"அப்ப இந்த மூணு அடுக்குல மேல மெத்துன்னு இருக்குல்ல, அதை வாங்கு."

சீட்டைப் பார்த்தேன். அவர் சொன்னது 'இ' வகை. எக்ஸல் ஷீட், சிமுலேட்டர், கண்ணை மறைச்ச சோதனை, எல்லாம் சேர்ந்து சொன்ன அதே பதில். கட்டைவிரலுக்கு கிஃப்ட் கார்டு தேவைப்படலை.

அப்புறம் நானா கேட்காமலே விலைக்கும் வந்தார். "தொலைஞ்சா மனசு வலிக்கற விலையில வாங்காதப்பா. பயந்துக்கிட்டே அடிப்ப. ஆனா ஒரே பந்தா வச்சுக்கோ. அம்பது பஸ்ஸுக்கு அம்பது கம்பெனி டயர் போட்டா டிரைவருக்கு பிரேக் பழகாது."

இது எவ்வளவு பெரிய உண்மைன்னு மைதானத்துல பாருங்க. சாதாரண ஆட்டத்துல ஒரு குழி முடிஞ்சதும் வேற பந்துக்கு மாற விதி இடம் கொடுக்குது. அதனால குளத்துக்கு முன்னாடி நிறையப் பேர் நல்ல பந்தைப் பையில போட்டுட்டு, ஒரு கிழட்டுப் பந்தை எடுப்பாங்க. "தண்ணிப் பந்து"ன்னே பேரு. அந்தப் பந்தைக் கையில எடுக்கும்போதே, "இது தண்ணிக்குள்ளதான் போகப் போகுது"ன்னு உடம்புக்கு மெசேஜ் போயிடுது. அப்புறம் எங்க தாண்டும்? என் கூட ஆடற டயர் ஃபேக்டரிப் பெரியவர் அப்படி மாத்தறதே இல்லை. எல்லாக் குழிக்கும் ஒரே பந்து. அப்பா அறுத்த போட்டோவை அவர்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் போனைக் கையில வச்சுப் பார்த்துட்டு, "யுவர் டேட் நோஸ் ரப்பர்" என்றார். அதை அப்படியே அப்பாகிட்ட ஒப்பிச்சேன். அதுக்கு என்ன அர்த்தம்னு அவருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கலை.

சரி, பதிவு நீளமாயிட்டுது. வாங்கப் போறவங்களுக்குச் சுருக்கமா:

1. முதல்ல ஆட்டத்துக்கு எத்தனை பந்து தொலைக்கிறீங்கன்னு எண்ணுங்க. நாலு அஞ்சு போகுதுன்னா ரெண்டு அடுக்குப் பந்து போதும். ஒண்ணு ரெண்டுதான்னா யூரித்தேனுக்கு வாங்க.

2. 40 டாலர் பக்கத்துல யூரித்தேன் தோல் போட்ட மூணு அடுக்குப் பந்துகள் நல்லதாவே கிடைக்குது. ஸ்ரிக்ஸான் க்யூ ஸ்டார் டூர், டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ், மேக்ஸ்ஃப்ளை டூர் எல்லாம் இந்த ஜாதி. காஸ்ட்கோ மெம்பர்ஷிப் இருக்கிறவங்களுக்கு கிர்க்லாண்ட் பந்து இன்னும் சல்லிசு. 2016ல அவங்க நாலு அடுக்குப் பந்தை ரெண்டு டஜன் 30 டாலருக்குப் போட்டப்ப, வந்த வேகத்துல தீர்ந்து போச்சு. அதுக்கப்புறம் மூணு அடுக்குல தொடர்ந்து விக்கிறாங்க.

3. குளத்துல மூழ்கி எடுத்து, கழுவி, தரம் பிரிச்சு விக்கிற பழைய பந்தும் நல்ல வழி. உச்சாணிப் பந்தையே பாதி விலைக்கு வாங்கலாம். ஆனா "மறுபெயின்ட் அடிச்சது"ன்னு போட்டிருந்தா தள்ளி வச்சிடுங்க. பெயின்ட் குழியை அடைச்சா பறக்கற விதமே மாறிடும். அந்தக் குழிகள்தான் பந்தைத் தூக்கிப் பிடிக்குது. வழுவழுப் பந்து பாதித் தூரம்தான் போகும்.

4. மூணு பந்து இருக்கிற சின்ன அட்டையா ரெண்டு வகை வாங்கி, கிரீன் பக்கத்துல இருந்து சோதிங்க. டிரைவர் கடைசி.

5. குளிர் ஊர்ல இருக்கிறவங்க, ஏப்ரல் மாசத் தூரத்தை வச்சு பந்தை எடை போடாதீங்க. குளிர்ல எல்லாப் பந்தும் கல்லாகும், தூரம் குறையும். ஆட்டத்து நடுவுல பந்தைச் சூடு பண்ணிக்கிறது விதிப்படி தப்பு. வெயில் வரட்டும், பொறுங்க.

6. தேர்ந்தெடுத்தப்புறம் ஒரு சீசன் முழுக்க அதே பந்து. சும்மா சும்மா மாத்தாதீங்க.

இப்ப மாசம் ஆறு 'இ' பந்து, 18 டாலர். மிச்ச மூணு டாலரைத் தங்கமணி கறாரா வாங்கி வச்சுக்கறார், டெஸ்டிங் டீமுக்குச் சம்பளமாம். அப்பா அடுத்து யாராவது ஊருக்கு வந்தா அஞ்சு அடுக்குப் பந்து ஒண்ணு கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கார். "அஞ்சு அடுக்கு எப்படி ஒட்டுறான்னு பார்க்கணும்ப்பா" என்றார். புதர்ல தேடிக்கிட்டே இருக்கேன். ஆகஸ்ட் மாசத்துக்குள்ள எங்க பக்கம் யாராவது மதுரை, விருதுநகர் பக்கம் போறவங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க மக்கா. எடை 46 கிராம் கூட வராது, பெட்டியில இடிக்காது.

வர்ட்டா? :-)